ஓட்டுச்சீட்டும் கர்த்தருடைய பந்தியும்





இந்த மாத வேதபாடத்திற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, நம்மில் பலர் சத்தமாகக் கேட்கத் தயங்குகிற ஒரு கேள்வி. நம் சபையார் அநேகர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, இந்த நாட்டில் ஓட்டுப் போடும் உரிமையையும் பெற்றிருக்கிறோம். வேதபாடம் முடிந்து எல்லாரும் எழுந்து போகிற நேரத்தில் யாராவது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்பார்: "பிரதர், நம்ம உபதேசத்துக்கு ஒத்துவராத ஒருத்தர் ஜனாதிபதி பதவிக்கு நின்னா, அவருக்கு ஓட்டுப் போடலாமா? அது பாவமா?"

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை. அந்தக் கேள்விக்கு வேதம் என்ன வெளிச்சம் தருகிறது என்பதை மட்டும் பார்ப்போம். இதற்கு நல்ல உதாரணம் 2012-ம் ஆண்டுத் தேர்தல். அந்த ஆண்டில் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர் மிட் ராம்னி. பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளரான முதல் மார்மன் அவர்தான். பெயருக்கு மார்மன் அல்ல; வாலிப வயதில் பிரான்சில் மிஷனெரியாக ஊழியம் செய்தவர், பாஸ்டன் பகுதியில் தன் சபையின் பொறுப்புகளை ஏற்று நடத்தியவர். அதனால் அவருடைய விசுவாசத்தைப் பற்றிய கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று.

1. உபதேச வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். மார்மன் உபதேசம் நம்முடைய உபதேசம் அல்ல. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இந்தச் சபையை ஆரம்பித்தார். இதன் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. வேதாகமத்தோடு மார்மன் புஸ்தகம் முதலான வேறு நூல்களையும் அவர்கள் வேதமாக ஏற்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர் ஆகிய மூவரும் நோக்கத்தில் ஒன்றாயிருந்தாலும் தனித்தனியானவர்கள் என்று போதிக்கிறார்கள். சபை பூர்வ காலம் முதல் அறிக்கையிட்டு வருகிற திரித்துவ உபதேசத்தை ஏற்பதில்லை. மரித்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. ஒரு தூதன் வந்து காட்டிக்கொடுத்த பொன் தகடுகளிலிருந்து தன் புஸ்தகத்தை மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்னார். வானத்திலிருந்து தூதனே வந்து வேறு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்கக் கூடாது என்று கலாத்தியர் முதலாம் அதிகாரத்தில் பவுல் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம்.

ஆகவே ஒரு மார்மன் மூப்பர் நம் பிரசங்க மேடையில் நின்று போதிக்க முடியாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அதே சமயத்தில் அவர்களிடம் நல்லது எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய்சாட்சி. மது, புகையிலை மட்டுமல்ல, காபியும் டீயும்கூட விலக்குகிறவர்கள் அவர்கள். தசமபாகம் கொடுக்கிறவர்கள். அவர்களுடைய வாலிபர்கள் இரண்டு வருஷம் வேலையையும் படிப்பையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஊழியத்துக்குப் போகிறார்கள். நம் வாலிபர்களில் எத்தனை பேர் அப்படிப் போவார்கள்? யோசித்துப் பாருங்கள்!

2. ராஜாவுக்கும் கண்காணிக்கும் தகுதி ஒன்றா?

"அப்படின்னா பதில் தெரிஞ்சுபோச்சே பிரதர், உபதேசம் தப்பு, ஓட்டுக் கிடையாது" என்று ஒருவர் சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் நாம் வேதத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

சபையின் கண்காணிக்கு இருக்க வேண்டிய தகுதிகளை 1 தீமோத்தேயு 3-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம். போதகசமர்த்தனாயிருக்க வேண்டும், நூதன சீஷனாயிருக்கக் கூடாது என்றெல்லாம் பட்டியல் போகிறது. அது மேய்ப்பனுக்கான பட்டியல். அதற்கு முந்தின அதிகாரத்தில் ராஜாக்களைப் பற்றிப் பவுல் பேசும்போது, நாம் கலகமில்லாமல் அமைதியாய் வாழும்படி அவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லுகிறார். அன்றைக்கு ரோமில் ஆண்டவன் விசுவாசி அல்ல. அப்போஸ்தலர் 25-ல் தனக்கு நியாயம் வேண்டி இராயனுக்கு அபயமிட்டபோது, "இராயன் இரட்சிக்கப்பட்டவனா?" என்று பவுல் விசாரிக்கவில்லை. நியாயம் விசாரிப்பது அவன் வேலை, அதை அவன் செய்யட்டும் என்றே கேட்டார்.

இன்னும் பின்னால் போவோம். ஏசாயா 45-ல் கோரேசைத் தாம் அபிஷேகம் செய்தவன் என்று கர்த்தர் அழைக்கிறார். அவன் கர்த்தரை அறியாதவன் என்றும் அதே அதிகாரம் சொல்லுகிறது! அந்தக் கோரேசினால் ஜனங்கள் எருசலேமுக்குத் திரும்பினார்கள். ஆனால் தாவீதின் வம்சத்தில் பிறந்து, சரியான தேவாலயம் பக்கத்திலேயே இருக்க ஆண்ட மனாசே, குற்றமற்றவர்களின் இரத்தத்தைச் சிந்தினான். பரம்பரையும் பெயரும் சரியாயிருந்தது, ஆட்சிதான் சரியாயில்லை.

"உபாகமம் 17-ல் அந்நியனை ராஜாவாக வைக்கக் கூடாதுன்னு இருக்கே?" என்று வேதம் நன்றாய் வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அது கர்த்தரோடு உடன்படிக்கை செய்த இஸ்ரவேல் ஜனத்துக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. அமெரிக்கா அந்த உடன்படிக்கை ஜனம் அல்ல. அந்த ஸ்தானம் எந்தக் கட்சிக்கும் கிடையாது. நம்முடைய நிலைமை எரேமியா 29-ல் பாபிலோனுக்குப் போனவர்களின் நிலைமைக்கு நெருக்கமானது. குடியிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்பதே அவர்களுக்கு வந்த வார்த்தை.

3. சட்டம் என்ன சொல்லுகிறது, சரித்திரம் என்ன காட்டுகிறது?

1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6-வது பிரிவு, மத்திய அரசின் எந்தப் பதவிக்கும் மதத்தைத் தகுதிச் சோதனையாக வைக்கக் கூடாது என்கிறது. இது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிற சட்டம். ஓட்டுப் போடுகிறவர் தன் மனதில் எதை எடைபோடுகிறார் என்பதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. அதனால்தான் பொறுப்பு நம் மனச்சாட்சியின் மேல் வருகிறது.

அந்தச் சட்டம் இருந்தும் மார்மன்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1838-ல் மிசோரி மாநிலக் கவர்னர், அவர்களை மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 1976-ல்தான்! 1844-ல் ஜோசப் ஸ்மித் தாமே ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டார். அந்த வருஷம் ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தில் கார்த்தேஜ் சிறையில் இருந்தபோது ஒரு கும்பல் அவரையும் அவருடைய அண்ணனையும் சுட்டுக் கொன்றது. அவருடைய உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. அதற்காக அந்தக் கொலையை எந்த விசுவாசியும் நியாயம் என்று சொல்ல முடியுமா?

பிற்பாடு 1903-ல் யூட்டா மாநிலத்திலிருந்து ரீட் ஸ்மூட் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் மார்மன் சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவர். "சபை சொல்லுவதைக் கேட்பாரா, சட்டம் சொல்லுவதைக் கேட்பாரா?" என்று எதிர்ப்பு எழும்பி, வருஷக்கணக்கில் விசாரணை நடந்தது. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. பலதார மணத்தை விடுவதாக அந்தச் சபை 1890-ல் அறிவித்த பின்னும், அது முழுவதும் நிற்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. ஆனால் ஸ்மூட்டுக்கு ஒரே மனைவிதான். 1907-ல் செனட் அவருடைய இடத்தை உறுதிசெய்தது. 1933 வரை அவர் பதவியில் இருந்தார்.

இதே கேள்வி 1960-ல் கத்தோலிக்கரான ஜான் கென்னடியைப் பார்த்தும் கேட்கப்பட்டது. போப்பாண்டவர் வெள்ளை மாளிகையை நடத்துவார் என்று புராட்டஸ்டண்டு போதகர்கள் பலர் பயந்தார்கள். கென்னடி செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டன் பட்டணத்தில் போதகர்கள் கூட்டத்துக்கே நேரில் போய், தன் முடிவுகளைத் தன் சபை கட்டுப்படுத்தாது என்று விளக்கினார். ஜெயித்த பின்பு நடந்ததென்ன? கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் கொடுப்பதை அவர் எதிர்த்தார். பயந்தது நடக்கவில்லை. ராம்னியும் 2007 டிசம்பர் 6 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் இதே போன்ற உரை நிகழ்த்தி, தன் சபைத் தலைவர்கள் தன் முடிவுகளை நடத்த மாட்டார்கள், ஆனால் தன் விசுவாசத்தையும் மறுதலிக்க மாட்டேன் என்ற கருத்தைச் சொன்னார்.

4. அப்படியானால் விசுவாசம் ஒரு பொருட்டே இல்லையா?

இப்போது மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. "ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஞானஸ்நானம் எடுத்தாரான்னு கேட்கிறோமா? அது மாதிரிதான் இதுவும்" என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. டாக்டருடைய கையில் கத்தி இருக்கிறது. ஜனாதிபதியின் கையில் சேனை இருக்கிறது. தனியாயிருக்கும்போது அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது தேசத்தையே பாதிக்கும். யாத்திராகமம் 18-ல் எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனையைப் பாருங்கள். திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுத்தல் ஆகிய இந்த நான்கையும் தேடச் சொன்னார். அந்த எத்திரோ மீதியானின் ஆசாரியன் என்பதையும் மறவாதிருங்கள்!

ஒருவருடைய விசுவாசம் அவருக்குள் என்ன கனியைக் கொடுத்திருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. ராம்னியின் தகப்பனார் ஜார்ஜ் ராம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 முதல் 1969 வரை மிச்சிகன் மாநிலக் கவர்னராக இருந்தார். அந்நாட்களில் மார்மன் சபை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியப் பட்டம் கொடுப்பதில்லை. அந்தத் தடை 1978-ல்தான் நீங்கியது. ஆனால் ஜார்ஜ் ராம்னி கறுப்பின மக்களின் சம உரிமைக்காக ஊர்வலத்தில் நடந்தவர். 1964-ல் அவருடைய சபையின் அப்போஸ்தலர் ஒருவரே அதைக் குறித்து எச்சரித்துக் கடிதம் எழுதினார். அவர் பின்வாங்கவில்லை. "சபை ஆட்டுகிறபடி ஆடுவார்" என்று உபதேசத்தை மட்டும் வைத்துக் கணித்திருந்தால், அந்த மனுஷனைப் பற்றிய கணிப்பு முழுவதும் தப்பாயிருக்கும்.

மகனையும் பாருங்கள். 2012 தேர்தலில் தோற்ற மிட் ராம்னி, 2019 முதல் 2025 ஜனவரி வரை யூட்டாவின் செனட்டராயிருந்தார். 2020 பிப்ரவரி 5 அன்று ஜனாதிபதி டிரம்ப் மீதான குற்ற விசாரணையில், ஒரு குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி என்று தன் சொந்தக் கட்சி ஜனாதிபதிக்கு எதிராக ஓட்டுப் போட்டார். அமெரிக்கச் சரித்திரத்தில் அப்படிச் செய்த முதல் செனட்டர் அவரே. தேவனுக்கு முன்பாகச் செய்த சத்தியத்தை அதற்குக் காரணமாகச் சொன்னார். அந்த ஓட்டு சரியா தப்பா என்பதில் நம் சபைக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும். நான் அதற்குள் போகவில்லை. ஆனால் ஒருவருடைய தேவபயம் அவருக்கு நஷ்டம் வரும் இடத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டியது. ஓட்டுப் போடுமுன் நாம் தேட வேண்டியது இப்படிப்பட்ட அடையாளங்களைத்தான்.

5. அந்தக் கல் நம் மேலும் விழும்

பெந்தெகொஸ்தே ஜனமாகிய நாம் இதில் விசேஷமாய் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். 2001-ல் ஜான் ஆஷ்கிராஃப்ட் என்பவரை அட்டர்னி ஜெனரலாக நியமித்தபோது செனட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவர் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையைச் சேர்ந்தவர், ஊழியரின் மகன். அவருடைய கொள்கைகளோடு அவருடைய விசுவாசமும் விவாதமாயிற்று. எண்ணெய் பூசி ஜெபித்ததுகூடப் பரியாசத்துக்கு ஆளானது. கடைசியில் 58-க்கு 42 என்ற ஓட்டில்தான் அவர் பதவிக்கு வந்தார். 2008-ல் துணை ஜனாதிபதி வேட்பாளரான சாரா பேலின் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர் என்று தெரிந்ததும், சபையில் அவருக்காகக் கைவைத்து ஜெபித்த வீடியோவை எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள்.

அந்நிய பாஷை பேசுகிறவர், எண்ணெய் பூசி ஜெபிக்கிறவர், தரிசனம் உண்டென்று நம்புகிறவர் என்று நம்மையும் ஒருநாள் தராசில் வைப்பார்கள். அன்றைக்கு, "எங்கள் ஆராதனையைப் பார்க்காதீங்க, எங்கள் நடக்கையைப் பாருங்க" என்று நாம் கேட்போம் அல்லவா? மனுஷர் நமக்குச் செய்ய விரும்புகிறதை நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்ற ஆண்டவருடைய கட்டளை ஓட்டுச்சாவடி வாசலில் நின்றுவிடுகிறதில்லை.

6. மற்றொரு கண்ணி

இன்னொரு அபாயத்தையும் சொல்லாவிட்டால் இந்தப் பாடம் முடிவு பெறாது. ஒருவருக்கு ஓட்டுப் போட விரும்பி, அதற்காக உபதேசத்தையே வளைப்பதும் ஒரு கண்ணி.

2011 அக்டோபரில் டாலஸ் பட்டணத்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், மார்மன் மார்க்கம் ஒரு கள்ள உபதேசக் கூட்டம் என்று பத்திரிகையாளரிடம் சொன்னது பெரிய செய்தியாயிற்று. அடுத்த வருஷம் அவரே ராம்னியை ஆதரித்தார். மார்மன் உபதேசத்தைப் பற்றிய தன் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. 2012 அக்டோபரில் சகோதரர் பில்லி கிரஹாமை ராம்னி அவருடைய வீட்டில் சந்தித்தார். அதன் பின்பு, மார்மன் மார்க்கத்தைக் கள்ள உபதேசங்களின் வரிசையில் சேர்த்திருந்த பகுதி அவருடைய ஊழியத்தின் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. உபதேச விவாதம் தேர்தல் அரசியலாகிவிட்டதால் அதில் கலந்துகொள்ள விரும்பவில்லை என்று அந்த ஊழியத்தார் விளக்கம் சொன்னார்கள். அவர்களுடைய உள்ளத்தை நான் நியாயந்தீர்க்கவில்லை. ஆனால் ஆத்துமாக்களின் இரட்சிப்பைப் பற்றிய ஒரு போதனை தேர்தல் நாள் நெருங்கும்போது மாறினால், வாசிக்கிற எளிய விசுவாசி குழம்பிப்போக மாட்டானா?

அந்தத் தேர்தலில் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பேர் ராம்னிக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று வாக்களித்து வந்தவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு காட்டியது. அப்படிப் போட்டது தப்பில்லை. போட்டுவிட்டு, "அவர் உபதேசமும் நம்ம உபதேசமும் ஒண்ணுதான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதுதான் தப்பு.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நம் ஆண்டவரே வழிகாட்டியிருக்கிறார். யோவான் 4-ல் சமாரிய ஸ்திரீயோடு பேசும்போது, சமாரியருடைய தொழுகை அறியாமையில் செய்யப்படுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். உபதேசத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் லூக்கா 10-ல் அடிபட்டுக் கிடந்த மனுஷனுடைய உவமையைச் சொல்லும்போது, ஆசாரியனும் லேவியனும் விலகிப்போனார்கள் என்றும், ஒரு சமாரியன் இறங்கி உதவினான் என்றும் சொன்னார். அவனை "நல்ல உபதேசக்காரன்" என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவன் செய்தது சரி, நீயும் போய் அப்படியே செய் என்றார். இரண்டும் ஒரே இயேசுவின் வாயிலிருந்து வந்தவை.

7. ஓட்டுப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பிரியமானவர்களே, இந்தக் கேள்வி 2012-ஓடு முடியவில்லை. 2024 தேர்தலுக்கான குடியரசுக் கட்சிப் போட்டியில் விவேக் ராமசாமி நின்றபோது, இந்துவாகிய அவர் எப்படி ஜனாதிபதியாகலாம் என்று அயோவா மாநிலத்தில் கேட்டார்கள். இன்னும் வேறு பெயர்கள் வரும். அப்போது இவைகளைக் கேட்டு ஜெபியுங்கள்:

* இவர் வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுகிறவரா? தனக்கு நஷ்டம் வந்தபோது உண்மையாய் நின்றிருக்கிறாரா?
* இவர் பணத்தையும் அதிகாரத்தையும் எப்படிக் கையாண்டிருக்கிறார்?
* ஏழை, விதவை, பரதேசி இவர்களுக்கு இவர் கையில் நியாயம் கிடைக்குமா?
* தன்னோடு ஒத்துப்போகாத விசுவாசிகளின் ஆராதனைச் சுதந்தரத்தையும் இவர் காப்பாரா?
* இவருடைய சபையோ மார்க்கமோ ஒரு தப்பான காரியத்தைச் செய்யச் சொன்னால், மறுத்த சாட்சி இவருக்கு உண்டா?

இந்தக் கேள்விகளில் ஒரு மார்மன் தேறலாம், தவறலாம். நம் சபைக்கு வருகிறவரும் தேறலாம், தவறலாம். கர்த்தருடைய பந்தியில் உட்காருகிறவர் யாரென்று சபை நிதானிக்க வேண்டும். அங்கே உபதேசம் கட்டாயம் வேண்டும். புறம்பே இருக்கிறவர்களை நியாயந்தீர்ப்பது தன் வேலையல்ல என்று 1 கொரிந்தியர் 5-ல் பவுல் சொல்லுகிறார். ஓட்டுச்சீட்டில் நாம் தேர்ந்தெடுப்பது தேசத்துக்கு ஒரு வேலைக்காரனை. நம் மேய்ப்பர் ஏற்கெனவே நியமிக்கப்பட்டாயிற்று, அவருக்குத் தேர்தல் இல்லை. அல்லேலூயா!

ஆகவே, "ஓட்டுப் போட்டால் பாவமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அவர் மார்மன் என்பதற்காக ஓட்டுப் போடாமலிருக்க வேதம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் நல்லவர் என்பதற்காக அவருடைய உபதேசத்தை ஏற்றுக்கொள்ளவும் வேதம் உங்களை அனுமதிக்கவில்லை. சுத்த மனச்சாட்சியோடு ஓட்டுப் போடுங்கள். ஜெயித்தவர் நீங்கள் ஓட்டுப் போடாதவராயிருந்தாலும், அவருக்காக ஜெபியுங்கள். உங்கள் பக்கத்து வீட்டில் மார்மன் குடும்பம் இருந்தால், தேர்தலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னே அன்போடு பழகி, இயேசுவைப் பற்றிப் பேசுங்கள். அவர்களுக்கு நம்மிடமிருந்து அதுவே அதிகம் தேவை.

குடும்ப ஜெபத்தில் தியானிக்க: யாத்திராகமம் 18-ம் அதிகாரம், லூக்கா 10-ம் அதிகாரம், 1 தீமோத்தேயு 2, 3 அதிகாரங்கள். ஒரு ஆட்சியாளரிடத்தில் தேட வேண்டியது எது, ஒரு மேய்ப்பரிடத்தில் தேட வேண்டியது எது என்று பிள்ளைகளையே தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

சமாதானத்தின் தேவன் நம் தேசத்துக்கும், நாம் பிறந்து வளர்ந்த தேசத்துக்கும், நல்ல ஆளுகையைக் கட்டளையிடுவாராக. ஆமென்.